கசிந்த டென்ட்டுக்கு மாற்றுத் துணி வாங்கிய அனுபவம்

ஆன்லைனில் வாங்கிய நாலு பேர் டென்ட் மழையில் கசிந்தது. விற்றவர்கள் முதலில் கைவிரித்தார்கள், கடைசியில் புது மேல்துணி அனுப்பி வைத்தார்கள். நடுவில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஜீப்பும் டென்ட்டுமாகக் கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஆனால் விரித்துப் பார்த்து வாங்க நமக்குப் பக்கத்தில் கடை கிடையாது, எல்லாம் பார்சல்தான். அதனால் கடையின் ரிட்டர்ன் விதியையும், பொருளோடு வரும் பராமரிப்புத் தாளையும் நான் சேர்த்து வைத்துத்தான் படிக்கிறேன். பராமரிப்புத் தாளில் "செய்யாதீர்கள்" என்று எழுதியிருப்பதெல்லாம் வாரண்டித் தாளில் "நாங்கள் பொறுப்பல்ல" என்று திரும்ப வரும்.

எங்கள் டென்ட்டின் ரிட்டர்ன் விதியில் "பயன்படுத்தாத நிலையில், லேபிளோடு" என்று இருந்தது. வீட்டுக்குள் விரித்துப் பார்த்தால் அது பயன்பாடா இல்லையா? இதைப் போனில் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்டேன். வீட்டுக்குள் விரிக்கலாம், லேபிளை வெட்டக் கூடாது, மண் கறை படக் கூடாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு பழைய வளவு வீடு. முற்றத்தைச் சுற்றித் தூண்கள். ஜமுக்காளத்தை விரித்து அதன்மேல் டென்ட்டை நிறுத்தினேன். முளை அடிக்க வழியில்லாததால் இழுப்புக் கயிறுகளைத் தூண்களில் கட்டினேன், கச்சிதமாக நின்றது. ஒவ்வொரு ஜிப்பையும் முழுசாக இழுத்துப் பார்த்தேன். டென்ட்டைத் தாங்கும் கம்பிகளான போல்களின் மூட்டுகளில் கீறல், வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவினேன். பிறகு மேல்துணியின் உள்பக்கம் போய், வெளிச்சம் வரும் திசையைப் பார்த்து நின்று, தையல்மேல் ஒட்டியிருக்கும் டேப்பை நீள வாக்கில் படம் எடுத்தேன். தையல் என்றாலே ஊசி போட்ட ஓட்டை. துணி எவ்வளவு தண்ணீரைத் தாங்கினாலும் அந்த ஓட்டைகளை அடைப்பது சூட்டில் ஒட்டிய அந்த டேப்தான். விளம்பரத்தில் 3000 மில்லிமீட்டர் என்று போடுகிறார்களே, அது துணிக்கான கணக்கு. துணியின்மேல் 3000 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் நின்றால்தான் மறுபக்கம் துளிர்க்கும் என்று அர்த்தம். தையலைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

அன்று எடுத்த படங்களில் ஒரு தையலில் மட்டும் டேப்பின் ஓரம் அலை அலையாக இருந்தது. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை, ஒட்டித்தான் இருந்தது. பின்னாடி என்னைக் காப்பாற்றியது அந்தப் படங்கள்தான்.

ஐப்பசியில் பிறான்மலை அடிவாரத்தில் நண்பனின் தோப்பில் தங்கினோம். பாரியின் பறம்பு மலை என்று சொல்லும் அதே மலைதான். ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. தலைமாட்டில் சொட்டச் சொட்டத் தண்ணீர். "மாப்ள, மொத்த வானமும் என் தலைகாணி மேலதான் பெய்யுது" என்றான் அவன். விடிந்ததும் மேல்துணியின் உள்பக்கத்தைப் பார்த்தால், அந்த ஒரே தையலில் டேப் பிரிந்து தொங்கியது. அதற்குள் ரிட்டர்ன் கெடு முடிந்திருந்தது. இனி வாரண்டிதான் வழி.

வாடிக்கையாளர் சேவையில் முதலில் சொன்ன பதில்: "சார், அது லீக்கேஜ் இல்ல, கண்டன்சேஷனா இருக்கும்." இதை நான் தப்பு சொல்ல மாட்டேன். மழைக் காலத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு நாலு பேர் தூங்கினால் மூச்சுக் காற்றின் ஈரம் துணியில் படிந்து சொட்டத்தான் செய்யும். பலர் இதைக் கசிவு என்று நினைத்து டென்ட்டைத் திட்டுகிறார்கள். வித்தியாசத்தை எப்படிக் காட்டுவது? திரும்பவும் முற்றத்தில் டென்ட்டை நிறுத்தினேன். நல்ல பகல், உள்ளே ஒருத்தரும் இல்லை. தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்து, வெளியிலிருந்து மழை மாதிரி மெதுவாக ஹோஸ் தண்ணீர் விட்டேன். காகிதத்தில் ஈரப்புள்ளிகள் ஒரே கோடாக விழுந்தன, அந்தத் தையலுக்கு நேர் கீழே. மூச்சு விட ஆள் இல்லாத டென்ட்டில் எங்கிருந்து கண்டன்சேஷன்? வீடியோவை வெட்டாமல் முழுசாக அனுப்பினேன்.

அடுத்த பதில் கொஞ்சம் கடினம். "முறையற்ற சேமிப்பினால் ஏற்பட்ட சேதம், வாரண்டியில் வராது." இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பராமரிப்புத் தாளை நன்றாகப் படித்திருந்ததால் எனக்குப் பதில் சொல்ல முடிந்தது. டென்ட் துணியின் உள்பூச்சு பாலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்து நாள்பட்டால் அது சிதையும். அப்போது துணி பிசுபிசுக்கும், நாறும், பூச்சு செதில் செதிலாக உதிரும், டேப் மஞ்சளாகும். சேமித்த விதத்தில் கோளாறு என்றால் அது எல்லாத் தையலிலும்தான் தெரிய வேண்டும். ஒரே மூட்டையில், ஒரே சூட்டில், ஒரே ஈரத்தில் கிடந்த துணியில் ஒரு தையல் மட்டும் பிரிந்து, பக்கத்துத் தையல் புதுசு போல இருக்குமா? பிரிந்த டேப்பிலும் மஞ்சள் இல்லை, பிசுக்கு இல்லை. தொழிற்சாலையில் அந்த இடத்தில் சூடு சரியாக ஏறவில்லை என்பதுதான் நியாயமான விளக்கம். டென்ட் வந்த நாளில் எடுத்த படத்தையும், பிரிந்த பிறகு அதே இடத்தில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதை எழுதினேன்.

கடிதத்தைக் குறை தீர்க்கும் அதிகாரிக்கு அனுப்பினேன். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020-ன்படி இணையத்தில் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் இப்படி ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. இதை எழுதும்போது குரல் உயர்த்தத் தேவையில்லை. விதியின் பெயர், பில் எண், படங்கள், எனக்கு என்ன வேண்டும் என்ற ஒரு வரி, இவ்வளவுதான். "முழு டென்ட் வேண்டாம், மேல்துணியை மட்டும் மாற்றித் தாருங்கள்" என்று கேட்டேன். நியாயமான அளவுக்குக் கேட்டதால் அந்தப் பக்கமும் இறங்கி வந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

பழைய துணியை அனுப்பச் சொன்னார்கள். எங்கள் ஊருக்கு வீட்டில் வந்து எடுத்துக்கொள்ளும் வசதி இல்லை. தனியார் கூரியரில் கேட்டால் எடையை விட்டுவிட்டுப் பெட்டியின் அளவைக் கணக்குப் போடுகிறார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வரும் கிலோவுக்குக் காசு. பெரிய அட்டைப்பெட்டியில் போட்டால் காற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். துணியை இறுக்கமாகச் சுருட்டிச் சின்னப் பொட்டலமாக்கித் தபாலில் அனுப்பினேன். அனுப்பும் முன் கழுவி, துளி ஈரம் இல்லாமல் காய வைத்தேன். ஈரத்தோடு போனால் வழியிலேயே பூஞ்சை பிடிக்கும், பிறகு அதைக் காட்டியே மறுக்கலாம். தபால் ரசீதை அனுப்பிக் கேட்டதும் செலவைத் திருப்பித் தந்தார்கள். புதுத் துணி வந்தது. அதிலும் முதல் வேலையாக ஹோஸ் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். செய்தித்தாள் நனையவில்லை.

கடைகள் திரும்ப வாங்க மறுக்கும் சில பொருள்களில் நியாயம் அவர்கள் பக்கம்தான். சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும் நைலான் ரெக்கவரி ரோப் பார்ப்பதற்குப் புதுசாகவே இருக்கும், ஆனால் உள்ளே இழைகள் எவ்வளவு பளு பார்த்தன என்று யாருக்கும் தெரியாது. அதைத் திரும்ப வாங்கி இன்னொருவருக்கு விற்றால், அறுந்து வரும் கயிறு ஆளைக் கொல்லும். அந்த ரகத்தில் "பயன்படுத்தியதைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்று எழுதாத கடையில்தான் நான் வாங்கத் தயங்குவேன். கயிற்றை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷாக்கிள் வாங்கும்போது அதன் உடம்பில் பளு அளவு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். முக்கால் அங்குல வில் ஷாக்கிளில் பெரும்பாலும் 4.75 டன் என்று இருக்கும். ஒன்றும் பொறிக்காததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டிரெய்லர் மாட்டும் குமிழில் ரெக்கவரி ரோப்பைக் கோர்க்கவே கோர்க்காதீர்கள். அந்தக் குமிழ் பிய்ந்தால் பீரங்கிக் குண்டு. தயவு செய்து இந்த ஒன்றை மட்டுமாவது கூட வருகிற தம்பிகளுக்குச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கென்று சில பராமரிப்பு விஷயங்கள் உண்டு. செம்மண் முதலாவது. ஈரச் செம்மண்ணைத் தேய்த்தால் கறை துணிக்குள் ஏறிவிடும். நிழலில் காயவிட்டு, மெத்தென்ற பிரஷால் தட்டி எடுத்துவிட்டு, பிறகு வெறும் தண்ணீரில் பஞ்சால் துடைக்க வேண்டும். சோப்புப் பொடி கூடாது, வாஷிங் மெஷின் கூடவே கூடாது. பூச்சு போய்விடும், வாரண்டியும் போய்விடும். அந்தப் பொடி மண் ஜிப்பில் உட்கார்ந்தால் உப்புத்தாள் போல ரன்னரைத் தேய்த்துவிடும், அதனால் பழைய பல் துலக்கும் பிரஷால் ஜிப் பல்லைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மடிக்கிறேன். ரோப்புக்கு மட்டும் காயவிடுவது ஆகாது, சேறு காய்ந்து இழைக்குள் போவதற்கு முன் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட வேண்டும்.

தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு வந்தால் உப்பு. பக்கத்து வீட்டு ஐயா காரைக்குடியில் இருக்கும் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உலோக அரிப்புதான் அவர் துறை. என் அலுமினியப் போல்களைப் பார்த்துவிட்டு, "மூட்டுக்குள்ள உப்புத் தண்ணி நின்னா அங்கதாம்ப்பா மொதல்ல குழி விழும், கழட்டிக் கழுவு" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையும் பிரித்து, நல்ல தண்ணீர் விட்டு, உதறிக் காயவைக்கிறேன்.

எங்கே வைப்பது என்பதில் நமக்கு அதிர்ஷ்டம். சுவர் கனமான பழைய வீட்டின் உள்ளறை கோடையிலும் குளிர்ந்தே இருக்கும், டென்ட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தகரக் கொட்டகையிலும் காரின் டிக்கியிலும் சித்திரை, வைகாசியில் போட்டு வைத்தால் பூச்சு வெந்துவிடும். எலிக்குப் பயந்து நான் உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுகிறேன். பொருளோடு வரும் இறுக்கமான பையில் அடைக்காமல், பெரிய பருத்திப் பையில் தளர்வாக. ஸ்லீப்பிங் பேக்கும் அப்படியே, அமுங்கியே கிடந்தால் உள்பஞ்சு எழும்பாது. டென்ட்டை ஒரே மடிப்பில் மடிக்காதே என்று தாளில் போட்டிருந்ததை வாசித்துக் காட்டியபோது அப்பத்தா, "பட்டுச் சேலைக்கு நாங்க சொல்றதுதானே, மடிச்ச மடிப்புலயே கெடந்தா இத்துப் போகும்" என்றார்கள். வெயில் விஷயத்தில் மட்டும் அப்பத்தாவோடு உடன்பட முடியவில்லை. மொட்டை மாடியில் நாள் முழுக்கக் காயப்போட்டால் நைலானும் பாலியஸ்டரும் புற ஊதாக் கதிரில் நைந்துவிடும். நிழலில், காற்றில், இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுக் காயவைத்தால் போதும்.

எழுத்தில் கேட்டும் கடை அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காரைக்குடிக்காரர்களுக்குச் சிவகங்கை, சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, குறை தெரிந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு பில், வாரண்டித் தாள், பொருள் வந்த நாளில் எடுத்த படங்கள், கடையோடு நடந்த மின்னஞ்சல்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். பில் பல கடைகளில் சூட்டில் அச்சாகும் காகிதத்தில் வருகிறது, நம் ஊர் வெயிலில் சில மாதங்களிலேயே எழுத்து மறைந்துவிடும். வந்த அன்றே படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.