வாங்குக்கு அடியில் செருப்புகள்

விடிய ஐந்தரை. கண்டி மலையில் தெல்தோட்டைப் பக்கம் ஒரு சந்தி, தேத்தண்ணிக் கடை.

தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கிலிருந்து நடந்து இறங்கிய தங்கச்சி, பையிலிருந்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சேறு அப்பிய செருப்பைக் கடை வாங்குக்கு, அந்த மரப் பெஞ்சுக்கு, அடியில் தள்ளினாள். அங்கே ஏற்கெனவே ஏழு சோடி.

எல்லாம் கண்டிக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுடையது. புடைவைக் கடை, பேக்கரி.

"நேரத்தோட வந்துருவியா?"

"பஸ் கெடச்சா வந்துருவேன்ணே."

1867இல் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இந்தப் பக்கம்தான். கொழுந்து இறங்கப் பாதை வெட்டினார்கள். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, இன்னும் பஸ் ஏறவில்லை. தினமும் ஆட்டோ பிடித்தால் சம்பளத்தில் என்ன மிஞ்சும்?

இரவு எட்டு மணிக்குத் திரும்பும்போது பார்த்தேன். ஒரு சோடி மட்டும் அப்படியே கிடந்தது.

கடைக்கார அண்ணன் இன்னும் லைட்டை அணைக்கவில்லை.