செங்கல்

"அண்ணே, செங்கல் வேணாம்ணே. மணல் மூட்டையே போதும்."

கூட வரும் தம்பி இதைச் சொன்னது ஒரே தடவைதான். "காத்துல ஆடுதுடா, இருக்கட்டும்" என்றேன் நான். போன சித்திரையிலிருந்து இந்த இரண்டு பேச்சும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

ஒரத்தநாடு பக்கம், சம்பா அறுத்த வயலில் டர்ட் ரேஸ், மண் தடத்தில் ஓடும் பைக் பந்தயம். ஜூன் 12 மேட்டூர் திறந்து, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வரும்வரை அந்த வயல் சும்மாதான் கிடக்கும். மூன்றாவது வளைவின் வெளிப்பக்கம், வரப்பை ஒட்டித் தரையோடு தரையாகக் கேமராவை வைத்தேன். 16 எம்.எம். லென்ஸ். வண்டி திரும்பும் இடத்துக்கு ஃபோகஸ் வைத்து, வளையம் நகராமல் டேப் ஒட்டினேன். ஷட்டர் 1/1000. தூரத்திலிருந்தே கேமராவை இயக்கும் ட்ரிக்கரோடு 40 அடி தள்ளி நின்றுகொண்டேன். பின்சக்கரம் மண்ணை வாரி இறைப்பது வெளிப்பக்கத்திலிருந்து எடுத்தால்தான் முகத்தில் அடிக்கிற மாதிரி வரும். வளைவில் பிடி விட்டால் வண்டியும் ஆளும் சறுக்கி வருவதும் அதே பக்கம்தான். இது தெரியாதவன் இல்லை நான்.

காற்றில் ஸ்டாண்டு நகர்ந்து படம் கோணலாக விழுந்தது. வரப்போரம் கிடந்த இரண்டு செங்கல்லை எடுத்து முட்டுக் கொடுத்தேன். உறுத்தலாகத் தெரிய வேண்டாமே என்று மேலே வைக்கோலைப் போட்டேன். அந்த இடத்தைக் காட்டியது கமிட்டிக்காரர்கள்தான், அது உண்மை. ஆனால் அவர்கள் அனுமதித்தது கேமராவை. செங்கல்லை அவர்கள் பார்க்கவே இல்லை.

இரண்டாவது சுற்றில் ஒரு பையன் விழுந்தான். சறுக்கி வந்து கேமராவைத் தள்ளிவிட்டுத்தான் நின்றான். மணிக்கட்டில் எலும்பு விரிசல். நான் ட்ரிக்கரிலிருந்து விரலை எடுக்கவில்லை. வரிசையாக 11 படங்கள். பத்தாவதில் அவன் கையுறை லென்ஸுக்கு ஒரு முழம் முன்னால் இருக்கிறது. பதினொன்றாவதில் வெறும் வானம். கை பட்டது செங்கல்லிலா, வரப்பிலா? சித்திரை வெயிலில் காய்ந்த வரப்பும் கல் மாதிரிதான் இருக்கும். ஒரு செங்கல் ஓரடி தள்ளிக் கிடந்தது. வண்டி இடித்தும் நகர்ந்திருக்கலாம். அந்த இரண்டு படங்களையும் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேனோ, கணக்கே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். "அண்ணே, நான் விழுந்தது படத்துல வந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டான். பத்தாவது படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டு அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. அந்த முகத்தைப் பார்த்துச் செங்கல் விஷயத்தை எப்படிச் சொல்வது? அன்று அப்படித்தான் நினைத்தேன். அப்புறமும் அவனை நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். சொல்லவில்லை.

இந்த வருஷமும் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சொல்லாமலே தம்பி நாலு மணல் மூட்டை தைத்து வைத்திருக்கிறான். நேற்று கேட்டான், "எந்தப் பக்கம்ணே வைக்கப் போறோம்?"

வெளிப்பக்கம் என்றுதான் வாயில் வந்தது.