கனடாவின் சீனர் வரலாறு: தேர்வுக்கு எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

கனடாவின் பன்முகப் பண்பாட்டுக் கொள்கை என்றதும் வகுப்பில் பாதிப் பேர் 1971-இல் தொடங்கி எழுதுவோம். பிரதமர் பியேர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் அறிவித்தார், 1988-இல் சட்டமானது, அவ்வளவுதான். தேர்வுக்குப் படிக்கும்போது நான் 1885-இலிருந்து தொடங்கினேன். விடையில் வாதம் அமைந்தது அதனால்தான்.

அந்த வருடம்தான் கனடியன் பசிபிக் ரயில் பாதை முடிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் பாதை போட ஆயிரக்கணக்கான சீனர்கள் தேவைப்பட்டார்கள். வேலை முடிந்த கையோடு, புதிதாக வரும் சீனருக்கு ஆளுக்கு 50 டாலர் நுழைவு வரி, அதாவது தலைவரி. 1900-இல் 100, 1903-இல் 500. வேறு எந்த நாட்டவருக்கும் இப்படி ஒரு வரி இல்லை. அப்புறம் 1923-இன் சீனர் குடிவரவுச் சட்டம் கதவையே சாத்தியது. கனடாவில் பிறந்த சீனக் குழந்தைகூடப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கையில் கொடுத்த சான்றிதழிலோ, இது கனடாவில் சட்டபூர்வ நிலை எதையும் நிறுவாது என்று அச்சிட்டிருந்தார்கள். பாடநூலில் பத்துப் பக்கம் படிப்பதைவிட இந்த ஒரு வாசகம் போதும். இணையத்தில் அந்தச் சான்றிதழ்களின் படங்கள் கிடைக்கின்றன, ஒன்றையாவது பாருங்கள்.

சட்டம் 1947-இல் நீங்கியது. ஆனால் மனைவி, பிள்ளைகளைத் தென்சீனாவின் குவாங்டாங்கிலிருந்து வரவழைப்பதில் கெடுபிடி அதன் பிறகும் இருந்தது. 1967-இல், கல்வி, திறன் போன்றவற்றுக்குப் புள்ளி கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் புள்ளி முறை வந்த பிறகுதான் இனம் பார்க்காத குடிவரவு. ஐ.நா.வின் 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவை எழுதிய ஜான் ஹம்ப்ரி ஒரு கனடியர். அந்தப் பிரகடனத்தையும், 1967 வரை நீடித்த குடிவரவுப் பாகுபாட்டையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.

நேரம் குறைவாக இருந்தால் மாக் வழக்கை மட்டுமாவது விடாதீர்கள். தலைவரியைத் திருப்பிக் கேட்டுப் போட்ட வழக்கு அது. கனடாவின் அரசியலமைப்பில் உள்ள உரிமைச் சாசனம் 1982-இல்தான் வந்தது, பழைய சட்டத்துக்குப் பின்னோக்கிச் செல்லாது என்று 2002-இல் ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2006-இல் பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார். உயிரோடிருந்த வரி செலுத்தியவர்களுக்கும், அவர்கள் இறந்திருந்தால் வாழ்க்கைத் துணைக்கும் 20,000 டாலர். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அதைச் சட்டக் கடமையாகத் தரவில்லை, அரசு தானாக முன்வந்து தந்த தொகை என்றே தந்தார்கள். மன்னிப்பும் உரிமையும் ஒன்றா என்ற கேள்வியை இங்கே எழுப்பினால் விடைக்கு எடை கூடும். நியூசிலாந்தும் சீனர் மீது போட்ட இதே மாதிரி தலைவரிக்கு 2002-இல் மன்னிப்புக் கேட்டது. ஒப்பீட்டுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.