இரண்டை எழுதிவிட்டுப் பூஜ்ஜியத்தை விட்டுவிடாதீர்கள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படித்த நாட்களில் எங்கள் குழுவில் நன்றாகச் சண்டை மூட்டிவிட்ட கணக்கு இது: ஓர் எண்ணை அதே எண்ணோடு கூட்டினால் அதன் வர்க்கம் கிடைக்கிறது. அந்த எண் எது? கேட்டவுடன் எல்லோரும் 2 என்பார்கள். 2 + 2 = 4, 2-இன் வர்க்கமும் 4. சரிதான், ஆனால் பாதி விடை. 0 + 0 = 0, 0-இன் வர்க்கமும் 0 ஆயிற்றே!

அந்த எண்ணைக் 'க' என்று வைத்துக்கொள்ளுங்கள். க + க = க², அதாவது 2க = க². இங்கே பலரும் இரண்டு பக்கமும் ஒரு 'க'வை அடித்துவிட்டு, க = 2 என்று முடித்துவிடுவார்கள். அடிப்பது என்றால் 'க'வால் வகுப்பது. க பூஜ்ஜியமாக இருக்காது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் வகுக்கலாம். கேள்வியில் அப்படி எங்கும் சொல்லவில்லையே. அதனால் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து க² − 2க = 0 என்று எழுதி, க(க − 2) = 0 என்று காரணிப்படுத்துங்கள். பெருக்கற்பலன் பூஜ்ஜியம் என்றால் காரணிகளில் ஒன்றாவது பூஜ்ஜியம். ஆக, க = 0 அல்லது க = 2.

சரிபார்க்க நேரமே ஆகாது. இந்தச் சமன்பாட்டின் தன்மைகாட்டி, அதாவது b² − 4ac, 4. மிகை எண் என்பதால் வெவ்வேறான இரண்டு மெய் மூலங்கள் (சமன்பாட்டை நிறைவு செய்யும் மதிப்புகள்) இருந்தே ஆக வேண்டும். கையில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் எங்கோ ஒன்றைத் தொலைத்திருக்கிறோம். இன்னும் சுருக்கமாக: மாறிலி உறுப்பு ('க' ஒட்டாத தனி எண்) இல்லாத இருபடிச் சமன்பாடு என்றால் 0 ஒரு மூலம், யோசிக்கவே வேண்டாம்.

குரூப் 4-இல் 3 மணி நேரத்தில் 200 வினாக்கள், அவற்றில் 25 திறனறி வினாக்கள். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அதனால் விடைகளைப் போட்டுப் பார்க்கும் வழியையே எல்லோரும் நம்புகிறோம். இந்த மாதிரிக் கணக்கில் அது கவிழ்த்துவிடும். '2 மட்டும்' என்பது முன்னால் இருந்து '0, 2' என்பது பின்னால் இருந்தால், 2 பொருந்தியதுமே கை வட்டத்தைக் கறுப்பாக்கிவிடும். போட்டுப் பார்ப்பது அந்த எண் மூலமா என்றுதான் சொல்லும், வேறு மூலம் இல்லை என்று சொல்லாது.

அப்புறம், கேள்வியில் எந்த வகை எண் என்று இருக்கிறது என்பதைப் பாருங்கள். 'இயல் எண்' என்றால் விடை 2 மட்டும். நம் பாடநூல்களில் இயல் எண்கள் 1-இல்தான் தொடங்குகின்றன. 'முழு எண்' என்றால் 0-வும் சேரும். 'மிகை எண்' என்றால் மறுபடி 2 மட்டும். எங்கள் சண்டை பாதி இதனால்தான் வந்தது. ஆளுக்கொரு மாதிரித்தாளை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் சரியான விடையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்!

பத்தாம் வகுப்பு மாணவர்கள் இதையே வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். எண்ணின் வர்க்கம் ஒரு பரவளையம், எண்ணின் இரு மடங்கு ஒரு நேர்கோடு. இரண்டும் (0, 0), (2, 4) ஆகிய புள்ளிகளில் மட்டும் வெட்டும். இடையில் கோடு மேலே இருக்கும்: 1-க்குக் கூட்டல் 2, வர்க்கம் 1. 2-ஐத் தாண்டினால் வர்க்கம் முந்திவிடும்: 3-க்குக் கூட்டல் 6, வர்க்கம் 9.

எண்ணை மாற்றிக் கேட்டாலும் வழி அதேதான். மும்மடங்கு வர்க்கத்துக்குச் சமம் என்றால் 0, 3. வர்க்கத்தோடு எண்ணைக் கூட்டினால் பூஜ்ஜியம் என்றால் 0, −1. இருமடங்கு கனத்துக்குச் சமம் என்று கேட்டால் 0-வோடு √2, −√2 இரண்டும் வரும். குறை எண்ணை மறக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் அடுத்த படி, தேர்வில் அவ்வளவாக வராது என்றாலும். கூட்டினாலும் பெருக்கினாலும் ஒரே விடை தரும் இரண்டு எண்கள் எவை? 3-உம் 1½-உம்: இரண்டு வழியிலும் 4½. 5-உம் 1¼-உம்: 6¼. −1-உம் ½-உம்: −½. எந்த எண்ணை எடுத்தாலும், அதிலிருந்து 1-ஐக் கழித்து, வரும் விடையால் அதே எண்ணை வகுத்தால் ஜோடி கிடைத்துவிடும். 1-க்கு மட்டும் ஜோடியே கிடையாது. ஏன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், அங்கேயும் பூஜ்ஜியத்தால் வகுக்கும் அதே சிக்கல்தான் வந்து நிற்கும்.