சொத்துவரியும் தேர்தல் தேதியும்

வேலூர் மாநகராட்சியில் சொத்துவரி ரசீதை வரிசையாக அடுக்கினால் தேர்தல் காலண்டர் தெரியும். 2018 ஜூலையில் அதிமுக அரசு வரியை உயர்த்தியது. நகர்ப்புறத் தேர்தல் பேச்சு சூடேறிய 2019 நவம்பரில் அதே அரசே நிறுத்திவைத்தது. ரத்து அல்ல, நிறுத்திவைப்பு! கூடுதலாகக் கட்டியதும் கையில் வராது, அடுத்த அரையாண்டுகளில் கழியும் என்றார்கள்.

பிறகு திமுக முறை. 2022 பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, மார்ச் 4 மேயர் தேர்வு, ஏப்ரல் தொடக்கத்தில் உயர்வு. பிரச்சாரத்தில் மூச்சுவிடவில்லை, பிறகு மத்திய மானியத்துக்கான 15ஆவது நிதிக்குழு நிபந்தனையைக் காட்டினார்கள். எதிர்த்துத் தெருவில் இறங்கியது, 2018இல் உயர்த்திய அதே அதிமுக.

கணக்கைப் பாருங்கள். வேலூர் போன்ற மாநகராட்சிகளில் 2022 உயர்வு, குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. காட்பாடியில் 1,190 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி அதுவரை 1,200 ரூபாய் என்றால் 1,800 ஆனது. மாடிப்படி அறையைச் சேர்த்து அளந்து 1,210 என்று எழுதிவிட்டால் 2,100. அதனால் வாக்குறுதியை விட, கேட்பு அறிவிப்பில் உள்ள பரப்பளவை முதலில் சரிபாருங்கள்.