கவாத்துக் கழிவு உரத்தில் குரோட்டன் ஜோர், இட்லிப்பூ மட்டும் அடம்

வீட்டுத் தோட்டத்துக் கவாத்துக் கழிவை, அதாவது செடிகளில் வெட்டிவிட்ட கிளை இலைகளை, மக்க வைத்துத் தொட்டிகளுக்குப் போட்டதில் குரோட்டன் பிரமாதமாக வந்திருக்கிறது. பெட்ரா வகையில் நரம்பெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பளிச்சென்று இருக்கிறது. டிரசீனா, அக்லோனிமா இரண்டும் நன்றாக வேர் பிடித்துவிட்டன. இட்லிப்பூதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்தப் புலம்பல் அப்புறம். முதலில் சல்லடை.

குவியல் போடும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். செம்பருத்தி, மருதாணி, நந்தியாவட்டை, காகிதப்பூ எல்லாவற்றையும் அரிவாளால் விரல் நீளத்துக்குக் கொத்தி, சாணிக் கரைசல் தெளித்து, மூன்றடிக்கு மூன்றடி அளவில் குவித்தேன். அதைவிடச் சிறிதாகப் போட்டால் சூடு நிற்காது; 55 டிகிரியைத் தாண்டினால்தான் களை விதை சாகும். குச்சியும் கட்டையும் அதிகமிருந்ததால் கொஞ்சம் யூரியாவும் சேர்த்தேன். இயற்கை வழி நண்பர்கள் முகம் சுளிக்கலாம். குரோட்டனை யாரும் பொரியல் செய்து சாப்பிடப் போவதில்லை. அரளிக் கிளையை மட்டும் நான் குவியலில் சேர்ப்பதில்லை.

மக்கியதை அப்படியே தொட்டியில் கொட்டுகிறவர்கள்தான் 'கவாத்து உரம் தொட்டிக்கு ஆகாது' என்கிறார்கள். சலித்துப் பாருங்கள், பேச்சே மாறிவிடும். நான் இரண்டு சல்லடை வைத்திருக்கிறேன். ஒன்று கொத்தனார்கள் மணல் சலிக்கிற கால் அங்குலக் கண் சல்லடை. இன்னொன்று ஜன்னலுக்கு அடிக்கிற எஃகுக் கொசுவலையை மரச்சட்டத்தில் அடித்து நானே செய்தது. முதல் சல்லடையில் நிற்கிற குச்சியெல்லாம் அடுத்த குவியலுக்குப் போகும். மக்க வைக்கும் நுண்ணுயிர் அதிலேயே ஒட்டியிருப்பதால் புதுக் குவியல் சீக்கிரம் சூடேறுகிறது. இரண்டாவதில் கீழே விழுகிற மாவு, தரையில் நிற்கிற செடிகளுக்கு. கொசுவலை மேல் தங்குகிற நடுத்தரக் குருணை இருக்கிறதே, அதுதான் தொட்டிக்கு.

மாவை ஏன் ஒதுக்க வேண்டும்? தண்ணீர் ஊற்ற ஊற்ற அது இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு, வேருக்குக் காற்றே இல்லாமல் செய்துவிடும். இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஒரு லிட்டர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு டேப் ஒட்டி, கலவையை நிரப்பி, மேலே தண்ணீர் மினுங்கும் வரை மெதுவாக ஊற்றி ஊற விடுங்கள். பிறகு டேப்பைப் பிரித்து, வடிகிற தண்ணீரைப் பிடித்து அளந்தால் அதுதான் காற்று நிற்கும் இடம். 100 முதல் 200 மில்லி வந்தால் நல்லது. சலிக்காத உரத்தில் எனக்கு 60 மில்லிதான் வந்தது, குருணையில் 180.

சலிப்பதிலும் ஈரம்தான் எல்லாம். ஈரம் கூடினால் வலைக்கண் அப்பிக்கொள்ளும். வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்தால் மூக்கெல்லாம் தூசி. அதைவிட மோசம், அப்படிக் காய்ந்த உரம் அப்புறம் தண்ணீரையே குடிக்காது, ஊற்றியது ஓரமாக ஓடிவிடும். தார்ப்பாயில் நிழலில் பரப்பி வைத்து, புட்டு மாவுப் பதம் வந்ததும் சலிக்க வேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும்.

கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். இலையெல்லாம் மக்கினாலும் காகிதப்பூ முள் மக்காது. சல்லடையில் வெள்ளையாகச் சுருண்ட தடிப் புழுக்களும் கிடைக்கும். பக்கத்தில் தென்னை இருந்தால் கவனம், அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். நான் பொறுக்கிச் சுவரில் வைத்துவிடுவேன், மைனா பார்த்துக்கொள்ளும்.

கலவை: குருணை இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு. நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிற ஐந்து கிலோ கட்டி. கழுவியது என்று ஒட்டியிருந்த சீட்டை நம்பி ஒரு கடையில் வாங்கினேன். ஊறவைத்த தண்ணீரில் ஆர்ஓவுக்கு வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்பை அளப்பது) விட்டால் எண் 1,500-ஐத் தாண்டுகிறது. அத்தனையும் உப்பு. கேட்டால், 'எல்லாரும் இதைத்தாங்க வாங்கிட்டுப் போறாங்க' என்கிறார் கடைக்காரர். மறுபடி மறுபடி அலசி 500-க்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் கலந்தேன். இப்போது வேறு இடத்தில் வாங்குகிறேன், கட்டிக்கு முப்பது ரூபாய் கூடுதல், பரவாயில்லை.

சரி, இட்லிப்பூ. கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. தழைச்சத்துக் குறை என்றால் அடியிலை முதலில் மஞ்சளாகும். இது கொழுந்தில் தொடங்குவதால் இரும்புச்சத்துச் சிக்கல். கவாத்து உரம் பொதுவாகக் காரத்தன்மை உடையது, கார அமில அளவு (pH) எட்டைத் தொடும். குரோட்டன் பொறுத்துக்கொள்கிறது. இட்லிப்பூவுக்கு ஐந்து, ஆறுதான் பிடிக்கும். போதாததற்குக் கோயம்புத்தூர் போர்வெல் உப்புத் தண்ணீர் வேறு. சிறுவாணித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்தான், வீட்டில் யார் பேச்சு வாங்குவது?

லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து இலையில் தெளித்தேன். தெளித்த இலை பச்சையாகிறது, அடுத்து வருகிற கொழுந்து மறுபடி வெளுப்பு! அதனால் ஒரே கலவையில் இரண்டு தொட்டி வைத்து, ஒன்றுக்கு உப்புத் தண்ணீரும் இன்னொன்றுக்கு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் ஊற்றி வருகிறேன். ஏசித் தண்ணீர்த் தொட்டியில் புதுக் கொழுந்து கொஞ்சம் பச்சையாக இருக்கிற மாதிரி தெரிகிறது. மனைவி 'ரெண்டும் ஒண்ணுதான்' என்கிறாள்.

அடுத்த குவியல் ஆறியதும் இட்லிப்பூவுக்கென்று தனியாக ஒரு மூட்டை எடுத்து, கந்தகத் தூள் கலந்து ஈரமாக வைக்கப் போகிறேன். நுண்ணுயிர் அதை அமிலமாக்க வாரக்கணக்கில் ஆகும், நடுவதற்கு முன்பே கலந்து வைத்தால்தான் பலன். கிளை அரைக்கும் மிஷின் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். விலையைக் கேட்டபின் அரிவாளைத் தீட்டக் கொடுத்திருக்கிறேன். பழைய குவியலில் பாதி இன்னும் சலிக்காமல் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அதை முடிக்க வேண்டும்.