திருவிருந்துக்கு எழுந்து வராதவர்களுக்கு

"எனக்குத் தகுதியில்லை" என்று திருவிருந்து (இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) நேரத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. கொரிந்து சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை, தகாத விதமாய்ப் புசிப்பதைக் கண்டிக்கும் 27-ஆம் வசனத்திலிருந்து மட்டும் வாசிக்காதீர்கள், 20-இலிருந்து வாசியுங்கள். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள்; பவுல் கோபப்பட்டது அதற்குத்தான், அதனால்தான் 33-இல் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொல்கிறார். தன்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னதும் அதன் பிறகு புசிக்கத்தான், விலகிப்போக இல்லை.

நம் ஊர்ச் சபைகளில் இதே பந்தியில் சாதி பார்த்தார்கள். அது ஒழிய வேண்டும் என்று 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எவ்வளவு எதிர்ப்பு!

சபையில் யாரோடாவது பேசாமல் இருக்கிறீர்களா? சரி, முதலில் போய்ப் பேசுங்கள், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே வாருங்கள்.